நோகுது என்று சொல்லாத தவக்காலம்

திருநீற்றுப் புதன் மாலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு எல்லோரும் கோயில் மண்டபத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இந்தத் தவக்காலத்துக்கு யார் யார் எதை விடப்போகிறார்கள் என்ற கதை வந்தது. லண்டன் வால்தம்ஸ்டோவில் தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பங்களுக்குள் இது வருடா வருடம் வருகிற கதைதான். ஒருவர் இறைச்சியை விடுவார், இன்னொருவர் சீனியை விடுவார். பிறகு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒருவரை ஒருவர் உளவு பார்த்துக்கொண்டு திரிவார்கள். ஒறுத்தல் பாதி, பகிடி பாதி.

றெஜினோல்ட் தான் பியரை விடுவதாகச் சொன்னார்.

"போன வருசமும் அதைத்தானே விட்டனீங்கள் அண்ணை?" என்றாள் அவருடைய தங்கை பியற்றிஸ். எட்மண்டனிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"அது வேறை கொம்பனி."

எல்லோரும் சிரித்தார்கள். பியற்றிஸ் அண்ணன் மனைவி பக்கம் திரும்பினாள். "மச்சாள், நீங்கள் என்னத்தை விடுறியள்?"

றஜீனா தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலால் பிடித்தால் கோப்பை நிற்காது. "நான் என்னத்தை விட? இந்தத் தேத்தண்ணியைப் பிடிக்கவே ரெண்டு கையும் நோகுது."

"அதைத்தான் விடுங்கோவன்! அந்த 'நோகுது' எண்டிற சொல்லை விடுங்கோ. அண்ணையின்ரை காதுக்கும் ஒரு தவக்காலம் கிடைக்கும்."

மண்டபமே சிரித்தது. பியற்றிஸின் வாய் அப்படித்தான், அதில் நஞ்சு கிடையாது என்று றஜீனாவுக்குத் தெரியும். ஆனால் றெஜினோல்டும் சிரித்தார். அதுதான் உள்ளே போய்க் குத்தியது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, குளிர்க்கோட்டை எடுக்கப் போகிறவள்போலக் கோயிலுக்குள் போனாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, மனதுக்குள் சொன்னாள்: சரி தாயே, உயிர்த்த ஞாயிறு விடியுமட்டும் எனக்கு நோகுது என்று ஒருவருக்கும் சொல்லமாட்டேன். இந்த நோவு முழுவதும், மோட்சம் போகமுன் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக.

ஒருவருக்கும் சொல்லவில்லை. வெளியே சொன்ன ஒறுத்தலுக்குப் பலன் குறைவு என்று சின்ன வயதில் மன்னாரில் படித்தது அப்படியே இருந்தது.

றஜீனாவின் நோவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிடவேண்டும். தெரியாதவர்கள் இதையும் வயதுபோன மூட்டுத் தேய்வென்று நினைத்துவிடுவார்கள். இது அதுவல்ல. முடக்குவாதம் என்கிற இந்த நோயில், கிருமிகளை அடிக்கவேண்டிய உடம்பின் காவற்படை ஆள்மாறித் தன் சொந்த மூட்டுகளையே அடிக்கத் தொடங்கிவிடும். மூட்டு வீங்கும், சூடாகும், காலையில் விறைத்துக் கிடக்கும். அடிக்கிறதை வேளைக்கு நிற்பாட்டினால் மூட்டுத் தப்பும். பிந்தினால் எலும்பையே அரித்துவிடும், அரித்தது அரித்ததுதான்.

றஜீனாவுக்கு இது தொடங்கி மூன்று வருடம். காலையில் எழும்பியதும் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கனநேரம் நிற்பாள். அதன் பிறகுதான் விரல்கள் அவள் சொன்னதைக் கேட்கும். அந்த விரல்களில்தான் அவளுடைய பிழைப்பும் இருந்தது. சந்தைத் தெருவுக்குப் பக்கத்தில் ஜதுர்ஷிகா என்கிற பிள்ளை நடத்துகிற அழகுநிலையத்தில், புருவத்துக்கு நூல் போடுகிற வேலை. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்றதை இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் பிடித்து, கத்தரிக்கோல்போலத் திறந்து மூடவேண்டும். மயிரிழை பிசகினால் புருவம் போய்விடும். றஜீனாவின் கைக்கென்றே சிங்ஃபோர்ட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். யன்னலோரக் கதிரை அவளுடையது.

கிழமைக்கு ஒருமுறை விழுங்குகிற மஞ்சள் குளிசையை டொக்டர்மார் முதலில் தந்தார்கள். விழுங்கின அடுத்த நாள் முழுக்கக் குமட்டும். அது போதவில்லை என்று இரண்டாவது குளிசையும் சேர்த்தார்கள். அதுவும் போதவில்லை. தை மாதம் பெரிய டொக்டர் ஒரு ஊசியைப் பற்றிச் சொன்னார். அந்தக் காவற்படையை மடக்கி வைக்கிற புதுவிதமான மருந்து. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது, நோய் ஓர் அளவுக்கு மேலே இருக்கிறதென்று அளந்து காட்டவேண்டும். மார்ச் மாதம் வாருங்கள், தாதி அளப்பார், அளவு வந்தால் ஊசி.

ஜதுர்ஷிகாவும் ஒரு கெடு வைத்திருந்தாள். நல்ல பிள்ளை, மனம் நோகாமல்தான் சொன்னாள். "அன்ரி, சமர் ஹொலிடே தொடங்கினா கடையிலை நிக்க இடமிருக்காது. அதுக்கு முன்னம் உங்கட கை சரியாக வேணும். இல்லாட்டி அந்தக் கதிரைக்கு நான் வேறை ஆளைப் பாக்கவேண்டி வரும். பிளீஸ், கோவிக்காதேங்கோ."

ஆக, ஊசி கிடைத்தால் கதிரை இருக்கும். கிடைக்காவிட்டால் இல்லை. இதெல்லாம் றஜீனாவுக்கு நன்றாகத் தெரியும். மார்ச் மாதம் தவக்காலத்துக்குள் வருகிறது என்பதைத்தான் மாதாவுக்கு முன்னால் நின்றபோது அவள் நினைக்கவில்லை.

விரதம் தொடங்கி இரண்டாம் கிழமையே வீட்டில் ஒரு புதுமை நடந்தது. ஊறுகாய்ப் போத்தலை எடுத்து, உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளினாள், மூடி சுழன்று வந்துவிட்டது. ஜாம் போத்தலும் அப்படித்தான், குளிசைப் போத்தலும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒரு மூடியைத் திறக்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். தன் ஒறுத்தல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்குப் பதிலாகத்தான் இந்தச் சின்னச் சின்ன உதவிகள் வருகின்றன என்று உறுதியாக நம்பினாள்.

ஆஸ்பத்திரி நாளன்று றெஜினோல்டுக்குக் களஞ்சியத்தில் காலை ஷிப்ட். "லீவு போடட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். நான் போட்டு வாறன்."

"எல்லாத்தையும் சொல்லு என்ன. மறந்துபோடாதை."

 பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து யோசித்துக்கொண்டு போனாள். நோகிறதா என்று கேட்பார்கள். வாயால் சொல்லாமல் தலையை ஆட்டலாமா? அதுவும் சொன்னதுபோலத்தான், கடவுளோடு கள்ள விளையாட்டு வேண்டாம். ஏன், நான் எதற்குச் சொல்லவேண்டும்? வீங்கிக் கிடக்கிறதைப் பார்க்க அவர்களுக்குக் கண் இருக்கிறது. படித்தவர்கள், தொட்டாலே தெரிந்துவிடும். ஊரில் பரியாரியார் நாடியைப் பிடித்துவிட்டு நாங்கள் சொல்லாததையெல்லாம் சொல்லவில்லையா?

அந்த நம்பிக்கையோடுதான் உள்ளே போனாள்.

தாதியின் பெயர் மொறீன். அயர்லாந்துக்காரி, நரைத்த தலை, மெத்தென்ற கை. ஆங்கிலத்தில் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். "இருபத்தெட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். வீக்கத்தை நான் எண்ணிக்கொள்வேன். நோகிறதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்."

முதலில் வலக்கைச் சுட்டுவிரலின் அடிமூட்டு. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மொறீன் பெருவிரலால் அழுத்தினாள். றஜீனாவுக்கு உச்சந்தலை வரைக்கும் மின்சாரம் ஏறினது. சப்பாத்துக்குள்ளே கால்விரல்கள் சுருண்டன. சுவரில் ஒரு மனிதக் கையின் படம் தொங்கியது. கண்ணை அதில் ஊன்றிக்கொண்டாள்.

"நோகிறதா?"

"இல்லை."

அடுத்த விரல். "இல்லை." மணிக்கட்டு. "இல்லை." தோள்மூட்டைத் தூக்கியபோது மூச்சு நின்று வந்தது. "இல்லை."

மொறீன் கையை விட்டுவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "இந்த மூட்டு நன்றாக வீங்கியிருக்கிறதே. கொஞ்சங்கூட நோகவில்லையா?"

"இல்லை."

"நிச்சயமாக?"

மூன்றாம் தரமும் இல்லை என்றபோது, பெரிய வெள்ளி வாசிப்பில், ஆண்டவரைத் தெரியாதென்று சீடன் மூன்று தரம் சொன்னதும் கூவுகிற சேவல் றஜீனாவுக்கு ஞாபகம் வந்தது. இங்கே சேவல் கூவவில்லை. வெளியே ஓர் அம்புலன்ஸ் கூவிக்கொண்டு போனது.

பிறகு ஒரு நேர்கோடு வரைந்த தாளைக் கொடுத்தாள் மொறீன். இந்த நுனி பூச்சியம், ஒன்றுமில்லை. அந்த நுனி நூறு, தாங்கவே முடியாது. கடந்த கிழமை உங்களுக்கு எப்படியிருந்தது, கோட்டில் அடையாளம் போடுங்கள். றஜீனா பேனையை முஷ்டியால் பிடித்து, பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். எழுத்தும் ஒரு சொல்தானே.

மொறீன் எல்லாவற்றையும் கணினியில் போட்டுக் கூட்டினாள். இரத்தப் பரிசோதனை சற்றுக் கூடத்தான், ஆனால் மற்றதெல்லாம் சேர்ந்து கணக்கைக் கீழே இழுத்துவிட்டது. "நல்ல செய்திதான்," என்றாள், நல்ல செய்தி சொல்கிற முகம் அதுவல்ல. "நோயின் கணக்கு மூன்றுக்கும் கீழே. குளிசைகள் பிந்தி வேலைசெய்யத் தொடங்கியிருக்கலாம். இந்த நிலையில் ஊசிக்கு எழுத எனக்கு இடமில்லை. வீக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, அடுத்த முறை கைகளை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கலாம். அதற்குள் ஏதாவது மாறினால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்."

ஆறு மாதம். கோடை விடுமுறையும் வந்து போய்விடும். றஜீனா நன்றி சொன்னாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, பஸ் ஏறினாள். பார்த்தும் தெரியவில்லையே இந்த மனுசிக்கு என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

பின்னேரம் றெஜினோல்ட் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே கேட்டார். "என்னவாம்?"

"நல்லாயிருக்காம்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. "அப்ப ஊசி?"

"தேவையில்லையாம்."

"தேவையில்லை எண்டு அவை சொன்னவையோ, நீ சொன்னனியோ?"

றஜீனா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேள்வி கேட்காததுபோல ஆயிற்று.

அதன் பிறகு கை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு போனது. ஒறுத்தலை விட மனமில்லை. பாதிவழி வந்தாயிற்று, இனி விட்டால் பட்டதெல்லாம் வீண் என்று ஒரு பிடிவாதம். மூடிகள் மட்டும் தொடர்ந்து லேசாகத் திறந்துகொண்டிருந்தன. அந்த அற்புதம் விரலுக்குள்ளும் ஒருநாள் இறங்கும் என்று அவள் காத்திருந்தாள்.

இறங்கவில்லை. பங்குனி முடிகிற ஒரு சனிக்கிழமை, மாதம் தவறாமல் வருகிற பள்ளிக்கூட ரீச்சர் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தாள். றஜீனா நூலை விரித்தாள். சுட்டுவிரல் மடங்கவில்லை. நூல் வழுக்கி, இடது புருவத்தின் நடுவில் ஒரு துண்டை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது. வேலி விழுந்த இடம்போல ஒரு வெளி.

ரீச்சர் கண்ணாடியைப் பார்த்தாள், காசை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லாமல் போனதுதான் பயங்கரம்.

ஜதுர்ஷிகா பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அன்ரி, கை நோகுதா? ஒனெஸ்டா சொல்லுங்கோ. நோகுதெண்டா எனக்கு விளங்கும்."

றஜீனா சுவரைப் பார்த்தாள். "இல்லைப் பிள்ளை."

"அப்ப என்னெண்டு வழுக்கினது?" அந்தப் பிள்ளையின் குரல் மாறிவிட்டது. "நோகேல்லை எண்டால், நீங்கள் கவனிக்கேல்லை எண்டுதானே அர்த்தம்? நான் கஸ்ரமருக்கு என்னத்தைச் சொல்ல?"

கவனிக்கவில்லை. இத்தனை வருடத்தில் றஜீனாவைப் பார்த்து ஒருவரும் சொல்லாத சொல். நோகிறது என்று சொன்னால் நோயாளி. சொல்லாததால் இப்போது கவனமில்லாதவள். திங்கட்கிழமையிலிருந்து அவள் முன்மேசையில் நின்று நேரம் குறிக்கவேண்டும் என்று முடிவானது. யன்னலோரக் கதிரையில் ஜதுர்ஷிகா தானே இருந்துகொண்டாள்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின பெரிய கிழமை வந்தது. பெரிய புதன் பின்னேரம் பாவசங்கீர்த்தனம். தமிழ்ப் பூசைக்கு வருகிற பாதர் டெனுசன் இளம் மனிதர், றஜீனாவுக்குப் பிள்ளை வயது. வலைத்தடுப்புக்கு மறுபக்கத்தில் அவருடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது.

"பாதர், நான் ஒரு பொய் சொன்னனான்."

"ஆருக்கம்மா?"

"ஆஸ்பத்திரி நேர்சுக்கு. நோகேல்லை எண்டு சொன்னனான்."

"நோகுதோ?"

றஜீனா அந்தச் சப்பாத்தைப் பார்த்தாள்.

"அம்மா?"

"அதைச் சொல்ல ஏலாது பாதர்."

"ஏன் ஏலாது?"

"அதுதான் என்ரை ஒறுத்தல்."

வலைக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை இருமலாக்கிக்கொள்கிற இருமல். பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மண்டபத்துக் கதை, மாதாவுக்கு முன்னால் சொன்னது, தாதி அழுத்தியது, கிடைக்காமல் போன ஊசி, ரீச்சரின் புருவம், எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அவருக்குச் சிரிப்பில்லை.

"நோவை ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கலாம் அம்மா. அதிலை பிழையில்லை. ஆனா நீங்கள் அந்த நேர்சின்ரை வேலையையும் சேர்த்தெல்லோ தூக்கிக் குடுத்திட்டியள். அது உங்கட சாமான் இல்லையே."

"அவவுக்குக் கண் இருக்குத்தானே பாதர்? வீக்கம் தெரிஞ்சதுதானே?"

"எனக்கும்தான் காது இருக்கு. நீங்கள் இதிலை வந்து வாய்திறக்காமல் இருந்தா உங்கட பாவத்தை நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

றஜீனா முழந்தாளை மெல்ல இடம்மாற்றிக்கொண்டாள்.

"உங்களுக்குச் செபமாலை ஒண்டும் தரேல்லை," என்றார் அவர். "வீட்டை போய் அந்த நம்பருக்கு எடுங்கோ. எங்கையெங்கை நோகுது எண்டு ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ. அதுதான் உங்கட அபராதம்."

"உயிர்த்த ஞாயிறு கழிச்சுச் சொல்லட்டோ?"

"இண்டைக்கு."

"அப்ப என்ரை ஒறுத்தல்?"

"ஒறுத்தல் நீங்களாப் போட்டது. அபராதம் நான் போட்டது. எது பெரிசு எண்டு உங்களுக்குத் தெரியும். முதல்லை எழும்புங்கோ, முழந்தாளிலை எவ்வளவு நேரமாய் இருக்கிறியள்?"

எழும்ப இரண்டு முறை எத்தனிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டையும் கழற்றாமல் தொலைபேசியை எடுத்தாள். இயந்திரம்தான் பேசியது: பெயரையும் பிறந்த திகதியையும் காரணத்தையும் சொல்லுங்கள், நாங்கள் திருப்பி அழைப்போம். றஜீனா தன் ஆங்கிலத்தில் தொடங்கினாள். கரைச்சல் தருவதற்கு மன்னிக்கவும், நான் அன்றைக்குச் சொன்னது சரியில்லை. வலக்கைச் சுட்டுவிரல் நோகிறது. நடுவிரல் நோகிறது. இரண்டு மணிக்கட்டும். இடது தோள், தலை சீவ முடியாது. முழங்கால், படியில் ஏறினால். காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாது. நூல் பிடிக்க முடியாது. இயந்திரம் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. திரும்ப எடுத்தாள். "நான்தான் மறுபடியும்," என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

குசினிக்குள் றெஜினோல்ட் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது, கையில் கத்தியோடு வாசலில் நின்றார்.

"ஆரோடை கதைச்சனி?"

"மிசினோடை."

"மிசினுக்குச் சொல்ல ஏலும். எனக்குச் சொல்ல ஏலாதோ?"

சொன்னாள். மண்டபத்தில் பியற்றிஸ் சொன்னதிலிருந்து தொடங்கினாள். அவர் கத்தியை வைத்துவிட்டுச் சோபாவின் கைப்பிடியில் இருந்தார்.

"நான் சிரிச்சதுக்கோ?"

"ஓம்."

அவர் வெங்காயக் கையைத் துடைத்தார். "நீ நோகுது நோகுது எண்டு சொல்லேக்கை, சரி, இவள் இன்னும் சண்டை பிடிக்கிறாள் எண்டு நினைப்பன். நீ சொல்லாமல் விட்டாப்போலைதான் எனக்குப் பயம் பிடிச்சது. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. வேலைக்குப் போக முன்னம் வீட்டிலை இருக்கிற போத்தல் எல்லாத்தின்ரை மூடியையும் இளக்கி வைச்சிட்டுப் போவன்."

றஜீனா வாயைத் திறந்தபடி நின்றாள். "மூடியளை நீங்களோ இளக்கினது?"

"பின்னை ஆர்?"

 யார் என்று நினைத்திருந்தாள் என்பதை அவருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "நோகுதப்பா," என்றாள். "சரியாய் நோகுது."

"தெரியும்," என்றார் அவர். எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைத்தார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் கிழமையே மொறீன் கூப்பிட்டுவிட்டாள். இந்த முறை றெஜினோல்ட் லீவு போட்டுவிட்டு வந்தார். றஜீனா நடந்ததைச் சொன்னதும், மொறீன் பேனையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "நானும் தவக்காலத்துக்குப் பிஸ்கற்றை விட்டேன். இரண்டாம் நாளே தோற்றுப்போனேன். என் அம்மா இருந்தால் உங்களைத்தான் மகளாக எடுத்திருப்பாள்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "இப்போது தவக்காலம் முடிந்துவிட்டது, இல்லையா?"

"முடிந்துவிட்டது."

"அப்படியென்றால் தொடங்குவோம்."

சொல்லப்போனால் இதுதான் அன்றையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு பழக்கத்தை ஒட்டவைத்தபிறகு உரித்தெடுப்பது லேசில்லை. முதலாவது மூட்டுக்கு, "கொஞ்சம்," என்றாள். பின்னாலிருந்து றெஜினோல்ட் தொண்டையைச் செருமினார். "இல்லை, நிறைய," என்று திருத்தினாள். அதன் பிறகு வழி திறந்துவிட்டது. ஒவ்வொன்றாக, ஓம், ஓம், அதுவும் ஓம். தோளுக்கும் முழங்காலுக்கும் வந்தபோது றெஜினோல்ட் செருமுவதை விட்டுவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவென்று அவருக்கே தெரியாது. கோட்டில் றஜீனா நூறுக்குக் கிட்டப் புள்ளி வைத்தாள்.

கணக்கு ஆறைத் தொட்டது. கடுமையான நோய் என்று எழுதுகிற எல்லையைத் தாண்டிவிட்டது. கெட்ட செய்தியைக் கேட்டுப் புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்து நிம்மதியாகப் பெருமூச்சுவிட்டதை அன்றைக்கு அந்த அறையில்தான் பார்த்திருக்கலாம்.

அன்று எடுத்த எக்ஸ்ரே படத்தையும் மொறீன் காட்டினாள். வலக்கைச் சுட்டுவிரலின் அடிமூட்டில், எலி கடித்த பாண் துண்டுபோல ஒரு சின்னக் கடி. "இது திரும்பி வளராது," என்று மறைக்காமல் சொன்னாள். "மற்ற மூட்டுகளைக் காப்பாற்றத்தான் இனிப் பார்க்கவேண்டும்." அது அந்த ஆறு கிழமையில் வந்ததா, முன்னமே இருந்ததா என்று றஜீனா கேட்டாள். அதைச் சொல்ல முடியாது என்றாள் மொறீன். நோய் தொடங்கியபோது எடுத்த படத்தில் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

ஊசி உடனே வந்துவிடவில்லை. நெஞ்சுக்குள் பழைய காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும், ஈரலுக்கும் ஒரு சோதனை. எல்லாம் முடிந்து வைகாசி மாதம் குளிர்ப்பெட்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். பேனைபோன்ற ஊசி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, தொடையில் தானே போடவேண்டும். பிறிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று றெஜினோல்ட் ஒரு தட்டையே ஒதுக்கிவிட்டார். அந்தத் தட்டில் முன்பு அவருடைய பியர் இருந்தது.

முதல் ஊசிக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதுக்கும் பெரிதாக இல்லை. மூன்றாவது போட்ட கிழமை ஒருநாள் காலையில், குழாயைத் திறக்காமலே சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டதை றஜீனா கண்டுபிடித்தாள். சளி பிடித்தால் இப்போது கவனமாயிருக்கவேண்டும், மாதாமாதம் இரத்தம் கொடுக்கவேண்டும், மஞ்சள் குளிசையும் அதன் குமட்டலும் இன்னும் கூடவேதான். ஆனால் வீக்கம் வற்றியது.

ஜதுர்ஷிகாவிடம் போய், பின்னறையில் வைத்து, அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னாள். அந்தப் பிள்ளை கேட்டு முடிய, "அன்ரி, யூ ஆர் இம்பொசிபிள்," என்று கட்டிப்பிடித்தாள். ஆனாலும் கடைக்காரி கடைக்காரிதான். முழுநாள் தரவில்லை. அரைநாள், அதுவும் தன் கையிலேயே முதலில் நூல் போட்டுக் காட்டச் சொன்னாள். சுட்டுவிரல் முன்புபோல மடங்காது. றஜீனா நூலை நடுவிரலுக்கு மாற்றி, கை பழகும்வரை வீட்டில் றெஜினோல்டின் முன்கை மயிரில் பயிற்சி எடுத்தாள். அவர் அந்த மாதம் முழுவதும் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய முதலாம் சனிக்கிழமை, கடை நிரம்பி வழிந்தது. யன்னலோரக் கதிரையில் வந்து விழுந்த முதல் ஆள் பியற்றிஸ். யாருடையதோ கலியாணம் என்று எட்மண்டனிலிருந்து வந்திருந்தாள். அந்தத் திருநீற்றுப் புதன் பகிடி எங்கெல்லாம் போய் முடிந்தது என்று அண்ணன் அவளுக்குச் சொல்லியிருந்தார். வந்ததிலிருந்து மச்சாளின் முகத்தை நேராகப் பார்க்காமல் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், நான் அண்டைக்குச் சும்மா பகிடிக்குத்தான்..."

"சாய்ஞ்சு இரும். கண்ணை மூடும்."

றஜீனா நூலைப் பல்லில் கடித்தாள். நடுவிரலில் முறுக்கினாள்.  திறந்து மூடினாள்.

"ஐயோ அம்மா!" பியற்றிஸ் கதிரையிலிருந்து அரையடி எழும்பினாள். "நோகுது மச்சாள்!"

றஜீனா நூலை வாயிலிருந்து எடுத்தாள். "எவ்வளவு நோகுது?"

"என்ன?"

"பூச்சியத்திலையிருந்து நூறுக்குள்ளை சொல்லும். பொய் சொல்லப்படாது."

பக்கத்துக் கதிரையிலிருந்து ஜதுர்ஷிகா சிரிக்கத் தொடங்கினாள். பியற்றிஸ் ஒரு கண்ணைத் திறந்து, மச்சாளின் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று கண்டதும் துணிவு வந்துவிட்டது.

"நூறு!"

"நூறெண்டால் ஊசிதான் போடவேணும்," என்றாள் றஜீனா. நூலைத் திரும்பக் கடித்துக்கொண்டு, மற்றப் புருவத்துக்குக் குனிந்தாள்.